செரங்கெட்டியின் சாம்பல் மண்

தான்சானியாவின் வடக்கே, கோரோங்கோரோ மலைநாட்டின் மேற்கு அடிவாரத்தில் தொடங்கி செரங்கெட்டிக்குள் விரியும் குட்டைப்புல் சமவெளியின் மண், ஏறத்தாழ முழுவதும் எரிமலைச் சாம்பலில் விளைந்தது. அடியில் கிடக்கும் பழம்பாறைக்கும் இந்த மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாறை உடைந்து மண்ணாவதுதான் பெரும்பாலான நிலங்களின் கதை. இங்கே மண் காற்றில் வந்து படிந்தது. சமவெளியில் ஆங்காங்கே தலைநீட்டும் கருங்கல் குன்றுகள் மட்டுமே சாம்பலுக்குள் மூழ்காமல் மிஞ்சிய பழைய தரை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் இது வறண்ட நாடு. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைக் கிழக்கே நிற்கும் மலைகள் தடுத்துவிடுகின்றன. மலைகளின் மழை மறைவில் கிடக்கும் தென்கிழக்கு மூலையில் ஆண்டு மழை 400 முதல் 500 மில்லிமீட்டர்தான். அதே செரங்கெட்டியின் வடமேற்குக் கோடியில் மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பெய்கிற கொஞ்சமும் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். ஜூன் வந்தால் தரை வெளுத்து, புழுதி கிளம்பத் தொடங்கும்.

உலகம் இந்தச் சமவெளியை அதன் விலங்குகளைக் கொண்டே அறிந்திருக்கிறது. லட்சக்கணக்கில் கூடும் நூ மான்கள், வரிக்குதிரைகள், அவற்றைத் தொடரும் சிங்கங்கள் பற்றிப் படங்களும் நூல்களும் நிறைய உண்டு. அந்தக் கூட்டம் ஏன் அங்கே கூடுகிறது, ஏன் சில மாதங்களே தங்குகிறது, மாடு மேய்த்தவர்கள் ஏன் அந்த இடத்தில் நிலையாக ஊர் அமைக்கவில்லை என்ற கேள்விகளின் விடையில் பெரும்பகுதி, புல்லின் வேருக்குக் கீழே ஒரு முழ ஆழத்துக்குள் இருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டி எரிமலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சடிமான், லெமகருட், கோரோங்கோரோ, ஓல்மோட்டி, எம்பகாய், கெரிமாசி, ஓல்டோன்யோ லெங்காய் ஆகியவை இந்த மண்ணின் கதையில் வரும் பெயர்கள். கோரோங்கோரோ ஒரு காலத்தில் பெரும் மலை. சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அதன் உச்சி உள்வாங்கி, இன்று காணும் 600 மீட்டர் ஆழமுள்ள பெருங்கிண்ணமானது. பெரிய மலைகள் ஒவ்வொன்றாக அணைந்தபின், வடகிழக்கில் இருந்த கெரிமாசியும் லெங்காயும் தொடர்ந்து சாம்பலைக் கக்கின. இன்றைய சமவெளியின் மேல்மண்ணுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் தந்தவை இவ்விரண்டுமே. ஆண்டின் பெரும்பகுதி இங்கே கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது. வெடிக்கும்போதெல்லாம் சாம்பல் மேற்காகச் சென்றது. கனமான பருமணல் அருகிலும், நுண்தூள் தொலைவிலும் விழுந்தது.

லெங்காய் வேறெந்த எரிமலையையும் போன்றதல்ல. 1960-இல் அதன் வாய்க்குள் இறங்கிப் பார்த்த பிரிட்டிஷ் நிலவியலாளர் பேரி டாசன், அங்கே ஓடும் எரிகுழம்பு சாதாரணப் பாறைக்குழம்பு அல்ல, சோடியம் கார்பனேட் மிகுந்த ஒன்று என்று கண்டறிந்து, 1962-இல் வெளியிட்டார். சலவைச் சோடாவின் வேதிப்பொருள்தான் அது. பசால்ட் குழம்பு 1,100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஓடும். லெங்காயின் குழம்போ 500, 600 பாகையிலேயே மிக இளகி ஓடுகிறது. வெளிவரும்போது கறுப்பாக இருக்கும் அது, காற்றின் ஈரம் பட்ட சில மணி நேரத்தில் சாம்பல் நிறமாகி, சில நாட்களில் வெள்ளையாகப் பொரிந்துபோகிறது. இன்றைய உலகில் இத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றே. இதன் வெடிப்புச் சாம்பலிலும் கெரிமாசியின் சாம்பலிலும் சோடியமும் சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் மிகுதி. மண்ணின் குணங்கள் எல்லாம் இங்கிருந்தே புறப்படுகின்றன.

எரிமலைப் பொருள் என்றவுடன் இந்திய வாசகருக்குத் தக்காணத்தின் கரிசல் நினைவுக்கு வரும். அது உறைந்த எரிகுழம்பான பசால்ட் சிதைந்து, களிமண் மிகுந்து, கோடையில் வெடிப்பு விடும் நிலம். செரங்கெட்டியின் சாம்பல் மண் அப்படி ஆகவில்லை. களியாக மாறும் அளவுக்கு இங்கே நீர் இல்லை, காலமும் போதவில்லை. சாம்பலின் கண்ணாடித் துகள்கள் சோடா கலந்த நீரில் கரைந்து சியோலைட் என்ற கனிமங்களாக மாறின. அமெரிக்க நிலவியலாளர் ரிச்சர்ட் ஹே 1963-இல் இச்சமவெளியில் உள்ள ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் இதை விவரித்தபோது, சியோலைட் ஏரியடியில் மட்டுமல்ல, வறண்ட வெட்டவெளித் தரையிலும் உருவாகும் என்பது தெளிவாயிற்று. காரமான மண்ணும் கடும் ஆவியாதலும் இருந்தால் போதும்.

சுண்ணாம்பின் பயணமே இந்த மண்ணின் முக்கிய நிகழ்வு. மழைநீர் மேல்மண்ணில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. ஆனால் 450 மில்லிமீட்டர் மழையால் அதிக ஆழம் போக முடியாது. ஈரம் எட்டும் ஆழத்தில் நீர் நின்று, வேரும் வெயிலும் அதை உறிஞ்சியபின் சுண்ணாம்பு மட்டும் அங்கே தங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு இது தொடர்ந்தால் சாம்பல் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, காரை போட்ட தளம் போல் ஒரு தட்டு உருவாகிறது. தமிழ்நாட்டு உழவர் சுக்கான் என்று அழைக்கும் சுண்ணாம்புப் பாறையின் இனம்தான் இது. குட்டைப்புல் வெளியில் இந்தச் சுக்கான் தட்டு பல இடங்களில் ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலேயே இருக்கிறது. சில மேடுகளில் கடப்பாரை போட்டால் நான்கு விரல்கடையிலேயே தட்டுப்படும்.

கழுதைப்புலி தோண்டிய ஒரு வளையின் வாயில் இந்த மண்ணின் குறுக்குவெட்டைப் பார்க்கலாம். மேலே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் மிருதுவான தூள்மண். கையில் எடுத்தால் எடையே தெரியாது, விரலிடுக்கில் வழிந்துவிடும். அதில் புல்லின் சல்லிவேர்கள் அடர்ந்து, மண்ணைக் கோரைப்பாய் பின்னியதுபோல் பிடித்திருக்கும். கொஞ்சம் கீழே நிறம் வெளிறி, வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். அமிலத்துளி பட்டால் நுரைக்கும் பகுதி அது. அதற்கும் கீழே வேர்கள் நேராக இறங்காமல் படுக்கையாகத் திரும்பி ஓடும். அங்கேதான் தட்டு. மேல்மண்ணே காரத்தன்மை உடையது. ஆழம் போகப்போக சோடியம் கூடி, காரநிலை பல பயிர்கள் தாங்காத அளவுக்கு ஏறுகிறது. தமிழில் களர் என்றும் உவர் என்றும் பிரித்துச் சொல்லும் இரண்டு குணங்களும் இங்கே ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஆனாலும் இதை வளமற்ற மண் என்று சொல்லிவிடக் கூடாது. சத்து நிறைய உண்டு. குறைவது ஆழமும் நீரும்தான்.

கிழக்கிலிருந்து வடமேற்காக நடந்தால் மண் படிப்படியாக மாறுவதைக் காணலாம். மலையடிவாரத்தில் பருஞ்சாம்பல், ஆழமற்ற மண், மிகுந்த காரம். அங்கே விரற்கடை உயரப் புல்லும் சிறு கோரையும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. நடுப்பகுதியில் சாம்பல் நுண்ணியது, மழை சற்றுக் கூடுதல், சுக்கான் தட்டு இன்னும் கீழே. புல் கணுக்காலுக்கு மேல் எழுகிறது. அதற்கப்பால் சாம்பலோடு களியும் சேர்ந்து மண் ஆழமாகி, உப்பு கீழே அலசப்பட்டுப்போக, செம்புல்லான தெமெடா இடுப்பளவு வளர்கிறது. இன்னும் வடக்கே சாம்பலின் செல்வாக்கு தேய்ந்து, கருங்கல் பாறை உடைந்த மணல் மண் வருகிறது. அங்கேதான் வேலமரக் காடு தொடங்குகிறது. குட்டைப்புல் வெளியில் மரம் இல்லாததற்குத் தீயையும் யானையையும் மட்டும் காரணம் காட்டுவது சரியல்ல. அங்கே தீ பரவுமளவுக்குப் புல்லே வளர்வதில்லை. தட்டின் மேல் தேங்கும் அற்ப ஈரத்தை அடர்ந்த புல்வேர் முந்திக்கொள்கிறது, மரக்கன்றின் ஆணிவேர் இறங்க வழியும் இல்லை. கருங்கல் குன்றுகளின் இடுக்குகளில் மட்டும் அத்தி போன்ற மரங்கள் நிற்கின்றன. மரத்துக்கு மழை முழுக்கப் போதாமல் போகவில்லை, மண்தான் இடம் கொடுக்கவில்லை என்பதற்கு அவையே சாட்சி.

சாம்பல் படிவதும் இறுகுவதும் இங்கே மிகப் பழைய நிகழ்வு. சமவெளியின் தெற்கு விளிம்பில் உள்ள லயட்டோலியில், சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்த சாம்பல் மழையில் நனைந்து, அதன் மேல் நடந்த உயிர்களின் தடங்களோடு இறுகியது. 1978-இல் தொல்லியலாளர் மேரி லீக்கியின் குழு அங்கே இரண்டு காலில் நடந்தவர்களின் தடவரிசையை வெளிக்கொணர்ந்தது. சாம்பலில் இருந்த கார்பனேட்டுதான் தடங்கள் கலையுமுன் அவற்றைப் பிடித்து வைத்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கு இதே சமவெளியை ஒரு பருவகால ஆறு சுமார் 90 மீட்டர் ஆழத்துக்கு அறுத்ததால் உண்டானது. அதன் சுவர்களில் ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுச் சாம்பல் அடுக்குகள் தெரிகின்றன. ஜெர்மன் நிலவியலாளர் ஹான்ஸ் ரெக் 1913-இல் இந்த அடுக்குகளை வரிசைப்படுத்திப் பெயரிட்டார். தொல்மானிடவியலாளர் லூயி லீக்கி 1931-இல் அங்கே போனார். 1959 ஜூலையில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டின் வயது, 1961-இல் அதைச் சூழ்ந்த சாம்பலில் இருந்த பொட்டாசியத்தைக் கொண்டு சுமார் 17.5 லட்சம் ஆண்டு என்று கணிக்கப்பட்டது. மனித மூதாதையரின் காலத்தை அதுவரை நினைத்ததைவிட ஏறக்குறைய மும்மடங்கு பின்னுக்குத் தள்ளிய கணக்கு அது. புல்லுக்கு உரமாகிற அதே பொட்டாசியம்தான் அந்தக் கணக்குக்கும் ஆதாரம். ரிச்சர்ட் ஹே 1976-இல் வெளியிட்ட ஓல்டுவாய் நிலவியல் நூல், இந்த அடுக்குகள் ஒவ்வொன்றும் எந்த மலையிலிருந்து வந்தது என்பதைத் தேடிச் சொன்ன பெரும் பணி. பல காலகட்டங்களின் மேல்மண்ணும் சுக்கான் தட்டும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்துள்ளன. இன்றைய சமவெளி அவற்றில் கடைசி.

மிக அண்மைக் காலத்திலும் சாம்பல் நிற்கவில்லை. ஓல்டுவாய்க்கு அருகே பிறைவடிவக் கரும்மணல் குன்று ஒன்று, காற்று தள்ளத் தள்ள ஆண்டுதோறும் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. லெங்காய் சுமார் 1,250 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பலின் மிச்சம் அது. அந்தக் காலத்தில் இங்கே மாடு மேய்த்தவர்கள் அந்த வெடிப்பைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் இப்பகுதியில் கால்நடை வளர்ப்பு 3,000 ஆண்டுகளுக்கும் பழையது. அந்த ஆதி மேய்ப்பர் மண்ணில் விட்டுப்போன அடையாளம் இன்னும் அழியவில்லை. எல்லைக்கு அப்பால், கென்யாவின் நரோக் பகுதியில் சுமார் 1,550 முதல் 3,700 ஆண்டுப் பழமையுள்ள பட்டிகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இரவில் மாடு அடைத்த இடங்களில் சாணம் சேர்ந்து மணிச்சத்தும் தழைச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இன்றுவரை சுற்றுப்புறத்தைவிட மிகுந்திருப்பதைக் காட்டியது. அந்த வட்டங்களில் புல் செழித்து வளர்கிறது, காட்டு விலங்குகள் அவற்றைத் தேடி வருகின்றன. நம் ஊரில் கிடை போட்டு வயலுக்கு உரம் சேர்த்ததன் பலன் சில பருவங்களில் தீர்ந்துவிடும். உழவே காணாத அந்த நிலத்தில் பட்டியின் உரம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுழன்றுகொண்டே இருக்கிறது. மேய்ப்பர் நிலத்தைக் கெடுப்பவர் என்ற பழைய எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய இந்தச் சான்று ஒன்றே போதும்.

உழவு நடந்த இடமும் உண்டு, ஆனால் சமவெளியில் அல்ல. மலைநாட்டின் கிழக்கே, பிளவுப் பள்ளத்தாக்கின் சரிவடியில் எங்காருகா என்ற ஊரின் இடிபாடுகள் கிடக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டுவரை அங்கே வாழ்ந்தவர்கள் மலையோடைகளைக் கல்வாய்க்கால் வழியே திருப்பி, சுமார் 2,000 ஹெக்டேரில் கல்வரப்புப் பாத்திகள் கட்டிப் பயிர் செய்தார்கள். ஓடை கொண்டுவந்த எரிமலை வண்டலைக் கல்வரப்புக்குள் நிறுத்தி, வயலுக்கான மண்ணையே அவர்கள் உண்டாக்கிக்கொண்டதைத் தொல்லியல் காட்டுகிறது. நீரும் ஆழமும் கிடைத்தால் இதே சாம்பல் என்னவாகும் என்பதற்கு எங்காருகா ஒரு சான்று. மலையின் தெற்குச் சரிவில் உள்ள கராட்டு இன்னொரு சான்று. மழை தாராளமாக உள்ள அங்கே சாம்பல் ஆழமான செம்பழுப்பு மண்ணாகி, காப்பியும் கோதுமையும் விளைகின்றன. மூலப்பொருள் ஒரே குடும்பம், மழையின் அளவு வேறு.

சமவெளியையும் மலைநாட்டையும் மாசாய் மக்களுக்கு முன் டடோகா மக்கள் மேய்த்துவந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மாசாய் அவர்களைத் தெற்கே தள்ளினர். வந்தவர் மாறினாலும் நிலத்தைப் பயன்படுத்திய முறை அதிகம் மாறவில்லை, மாற மண் விடவும் இல்லை. மழைக்காலத்தில் சமவெளிப் பக்கம், கோடையில் ஊற்றும் நிழலும் உள்ள மலைப் பக்கம் என்பதே ஒழுங்கு. சமவெளிப் புல் உப்பும் சுண்ணாம்பும் மணிச்சத்தும் நிறைந்தது, பால்மாட்டுக்கு உகந்தது. கோரோங்கோரோக் கிண்ணத்தின் அடியில் உள்ள சோடா ஏரிக்கரைக்கு மாடுகளை உப்பு நக்க ஓட்டிச் செல்வதும் வழக்கமாக இருந்தது.

இந்த ஒழுங்குக்குள் ஒரு விலக்கு உண்டு, அது நுட்பமானது. சமவெளிப் புல் உச்சத்தில் இருக்கும் ஜனவரி இறுதி முதல் மார்ச் நடுப்பகுதிவரை நூ மான்கள் அங்கே கன்று ஈனுகின்றன. கன்றுகளில் ஐந்தில் நான்கு பங்கு மூன்று வார இடைவெளிக்குள் பிறந்துவிடும். புதுக்கன்றின் மூக்குநீரிலும் கண்ணீரிலும் ஒரு வைரஸ் வெளிப்படுகிறது. நூ மானுக்கு அதனால் கேடு இல்லை. மாட்டுக்குத் தொற்றினால் கண் கலங்கி, காய்ச்சல் கண்டு, பெரும்பாலும் சாவுதான். நூ மான் ஈன்ற இடத்தின் புல்லில் மாட்டை விடக்கூடாது என்பதை மாசாய் மேய்ப்பர் நுண்ணோக்கிக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள். நஞ்சுக்கொடியையும் கன்றின் உதிர்ந்த மயிரையும் காரணமாகச் சொன்னார்கள். காரணம் முழுதும் சரியாக இல்லாவிட்டாலும் விலகி நிற்கும் விதி சரியானது. எனவே சிறந்த புல் கண்ணெதிரே பச்சையாக விரிந்திருக்க, மாடுகளை அடிவாரத்து முரட்டுப் புல்லுக்கு ஓட்டுவார்கள். கன்றுகள் மூன்று நான்கு மாதம் வளர்ந்து தொற்று குறைந்தபின் சமவெளிக்குத் திரும்புவார்கள். அதற்குள் புல்லின் நல்ல பருவம் பாதி போயிருக்கும்.

1890-களின் தொடக்கத்தில் வெக்கை நோய் வந்தது. கொம்புள்ள மந்தைகளை அது துடைத்துப் போட்டது. மாடுகளோடு எருமைகளும் நூ மான்களும் மடிந்தன. பின்னாலேயே பெரியம்மையும் பஞ்சமும் வந்தன. 1892 மார்ச்சில் இந்த வழியே வந்து, ஐரோப்பியரில் முதலாவதாகக் கோரோங்கோரோவைக் கண்ட ஆஸ்திரியப் பயணி ஆஸ்கர் பவுமன், பசியால் எலும்பும் தோலுமான மாசாய் மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஆட்சி வந்து கண்டது ஆளும் மந்தையும் ஒழிந்த நிலத்தை. ஆதியிலிருந்தே ஆளற்ற இயற்கை இது என்று அவர்கள் எண்ணியதற்கு அந்தப் பேரழிவும் ஒரு காரணம். அந்தப் பிழையான எண்ணத்துக்குப் பின்னாளில் பலர் விலை கொடுத்தார்கள்.

அந்தப் பேரழிவுக்குப் பின்வந்த அரை நூற்றாண்டில், வடக்கே மேய்ச்சலும் தீயும் குறைந்ததால் புதரும் மரமும் அடர்ந்தன. தெற்கே சாம்பல் சமவெளி வெட்டவெளியாகவே நீடித்தது. மேய்வார் இல்லாமல் போனாலும் மரம் ஏறாத நிலம் அது. செரங்கெட்டியின் இரு பகுதிகளும் அந்த அரை நூற்றாண்டில் வெவ்வேறு வரலாறு கண்டதற்கு மண்ணே அடிப்படை.

1951-இல் செரங்கெட்டி தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது சமவெளியும் மலைநாடும் அதற்குள் இருந்தன, மாசாய் குடியிருப்புகளும் இருந்தன. தகராறு முற்றியபின் பிரிட்டிஷ் சூழலியலாளர் பியர்சல் 1956-இல் வந்து ஆய்வு செய்தார். முடிவில் 1959-இல் நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேற்கே மனிதர் குடியிருக்கக் கூடாத பூங்கா. கிழக்கே மாசாய் மக்களும் விலங்கும் சேர்ந்து வாழும் கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி, பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். எல்லைக்கோடு குட்டைப்புல் சமவெளியின் ஊடாகவே ஓடுகிறது. அந்த நேரத்தில் சிறு விமானத்தில் பறந்து மந்தைகளைப் பின்தொடர்ந்த ஜெர்மன் விலங்கியலாளர் பெர்ன்ஹார்டு கிர்ஷிமெக்கும் அவர் மகன் மிக்கேலும், மழைக்காலத்தில் மந்தைகள் பூங்காவிலிருந்து விலக்கப்படும் சமவெளியிலேயே தங்குவதைச் சுட்டிக்காட்டினார்கள். 1959 ஜனவரியில் மிக்கேலின் விமானத்தில் கழுகு மோதி, அவர் இறந்தார். எல்லையை வரைந்தவர்கள் மலையையும் ஆற்றையும் பார்த்தார்கள். புல் எங்கே எப்போது சத்தோடு இருக்கும் என்று தீர்மானிக்கும் மண்ணின் வரைபடம் அப்போது யாரிடமும் இல்லை.

அந்த வரைபடம் பிறகுதான் வந்தது. ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் டால்பட்டும் 1965-இல், மண்ணின் ஆழம், உப்பு, காரம் ஆகியவற்றோடு புல்வகையும் விலங்குகளின் நடமாட்டமும் எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டினார்கள். டச்சு ஆய்வாளர் டி விட் 1978-இல் சமவெளியின் மண்வகைகளை விரிவாக வகைப்படுத்தினார். அமெரிக்கச் சூழலியலாளர் சாமுவேல் மெக்நாட்டன் புல்லை வெட்டி, உலர்த்தி, அதிலுள்ள தாதுக்களை அளந்தார். வறட்சிக்காலத்தில் மந்தைகள் தங்கும் வடக்குப் புல்லில் பால்கொடுக்கும் தாய்க்கும் வளரும் கன்றுக்கும் தேவையான தாதுக்கள் குறைவு. தென்கிழக்குச் சமவெளியின் புல்லில் அவை தாராளம். முதல் மழை விழுந்ததும் நூ மான்கள் காட்டை விட்டு வெட்டவெளிக்கு ஓடுவதன் பொருள் இதனால் விளங்கிற்று. மழை நின்றபின் அவை திரும்புவதற்கும் மண் ஒரு காரணம். குட்டைகளில் மிஞ்சும் நீரில் சாம்பலின் உப்பு ஏறி, குடிக்க ஆகாமல் போகிறது.

மெக்நாட்டன் இன்னொன்றும் கண்டார். சமவெளியில் ஒரு துண்டு நிலத்தை வேலியிட்டு மேய்ச்சலைத் தடுத்தபோது, தரையோடு படரும் குட்டைப் புல் பின்வாங்கி, உயர வளரும் வகைகள் மேலோங்கின. அந்தக் குட்டைத்தன்மை மண்ணின் வறுமையால் மட்டும் வந்ததல்ல, தலைமுறை தலைமுறையாக மேயப்பட்டு வந்த பழக்கமும்கூட. மேய்ந்த தாது சாணமாகவும் சிறுநீராகவும் அங்கேயே விழுகிறது. சாணவண்டுகள் அதை மண்ணுக்குள் புதைக்கின்றன. ஆனால் இந்தப் பின்னல் ஒருமுறை அறுந்தால் மண்ணைப் பிடிக்க ஆள் இல்லை. வறட்சியில் வண்டித்தடங்களின் மேல் எழும் வெண்புழுதி, மிகவும் இலேசான இந்த மண் காற்றில் போய்க்கொண்டிருப்பதன் அடையாளம்.

1950-களில் சுற்றுப்புற மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசியால் வெக்கை நோய் 1960-களின் தொடக்கத்தில் நூ மான்களையும் விட்டு நீங்கியது. 1961-இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த நூ மான்கள் 1970-களின் முடிவில் 13 லட்சத்தை எட்டின. பாதுகாப்பின் பெரும் வெற்றி என்று இதைக் கொண்டாடுவது நியாயமே. அதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். நூ மான் பெருகப் பெருக, கன்று ஈனும் பரப்பும் விரிந்து, மாசாய் மாடுகள் மழைக்காலச் சமவெளியைப் பெருமளவு இழந்தன. ஆண்டின் பெரும்பகுதி மலைநாட்டிலேயே நிற்க நேர்ந்த மாடுகளை அங்கே உண்ணிகளால் பரவும் காய்ச்சல் தாக்கியது. தங்கள் மாடுகளைக் காக்கப் போட்ட ஊசியே, தங்கள் சிறந்த மேய்ச்சல் கைநழுவ வழிவகுத்தது. எந்தச் சட்டமும் அறிவிப்பும் இல்லாமல் நடந்த இழப்பு இது.

சட்டத்தால் வந்த இழப்புகளும் தொடர்ந்தன. 1974-இல் கோரோங்கோரோக் கிண்ணத்தின் அடித்தரையிலிருந்து மாசாய் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1975-இல் பாதுகாப்புப் பகுதியில் பயிர்செய்யத் தடை வந்தது. 1992-இல் தளர்த்தப்பட்டு, 2009-இல் மறுபடி இறுக்கப்பட்டது. 1959-இல் சுமார் 8,000-ஆக இருந்த மக்கள்தொகை 2017-இல் 90,000-த்தைத் தாண்டியது. மாடு மட்டும் போதாத குடும்பங்கள் மலைச்சரிவில் சோளம் விதைக்க விரும்பியதில் வியப்பில்லை. சமவெளியில் அதற்கு யாரும் முயல்வதில்லை. 2022 முதல் அரசு பல குடும்பங்களைத் தொலைவில் உள்ள ம்சோமேராவுக்கு இடம்பெயர்க்கத் தொடங்கியது. அதை எதிர்த்தோர் பலர். மக்கள்தொகைக் கணக்கு இந்த விவாதத்தில் எப்போதும் முன்னால் நிற்கிறது. இந்த மண்ணில் எவரும் ஆண்டு முழுதும் ஓரிடத்தில் தங்கி வாழ்ந்ததில்லை, ஒரு பகுதியை இழந்தால் மற்றப் பகுதியின் பயனும் குன்றும் என்பது அதில் அரிதாகவே பேசப்படுகிறது.

மண் உருவாகும் வேலை இன்னும் முடியவில்லை. லெங்காய் 1917, 1940-41, 1966-67 ஆகிய ஆண்டுகளில் வெடித்துச் சாம்பல் பொழிந்தது. 2007 செப்டம்பரில் தொடங்கி 2008-இன் முற்பகுதிவரை மீண்டும் வெடித்தபோது, அடிவாரத்து மாசாய் குடும்பங்கள் மந்தைகளோடு விலகிப் போயின. புதிதாக விழுந்த சாம்பல் புல்லை மூடிவிடும், சோடா மிகுந்த அதை மாடு தின்றால் ஆகாது. ஆனால் சோடா எளிதில் கரைவது. சில மழைகளில் அது அலசப்பட்டு இறங்கிவிட, சுண்ணாம்பும் மற்றத் தாதுக்களும் மேல்மண்ணில் சேர்கின்றன. உலகின் பல மேய்ச்சல் நிலங்கள் மழையாலும் மேய்ச்சலாலும் இழந்த தாதுவைத் திரும்பப் பெற வழியின்றி மெல்ல மெல்ல வறியவையாகின்றன. செரங்கெட்டியின் தென்கிழக்குச் சமவெளிக்கு மட்டும் கிழக்குக் காற்று சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாம்பலைக் கொண்டுவந்து சேர்க்கிறது.